அனுபவம்: நான்கு போகம்

1

ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்த் தளத்தில் காலையிலிருந்து தண்ணீரை அடைத்துவைத்துக் குழாய் திருத்தினார்கள். பிற்பகலில் திறந்துவிட்டார்கள். வெறுங்குழாய்களுக்குள் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. முதலில் ஒரு இருமல். பிறகு தொண்டைக்குள் எதையோ உருட்டுவதுபோல ஒரு கொடகொடப்பு. பிறகு நீளமான, நிம்மதியான ஓட்டம்.

வெறும் கட்டிலொன்றைத் தள்ளிக்கொண்டு போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த இருமலை எனக்குத் தெரியும். கச்சான் காற்று அடித்துக் காய்ந்த வாய்க்காலில், மேலே யாரோ மதகுப் பலகையைத் தூக்கிய கொஞ்ச நேரத்தில் கேட்கிற சத்தம் அது. வைக்கோல் துண்டும் நத்தை ஓடும் நுரையும் முன்னால் ஓடிவர, தண்ணீர் பின்னால் வரும்.

இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் இருபது வருடமாக நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறேன். வார்டிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து சத்திரசிகிச்சைக்கு, சில வேளைகளில் அங்கிருந்து யாரும் பேசாத ஓர் அறைக்கு. இதற்கு முன் என் கையில் இருந்தது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய தமிழ்ச் சிறப்புப் பட்டம். இப்போதும் இருக்கிறது. அலுமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில்.

இதை எழுதத் தூண்டியது அந்தச் சத்தம் மட்டுமல்ல. அதே பின்னேரம் வீட்டில் நடந்த ஒரு நேர்முகப் பரீட்சையும்தான். அது பொய்ப் பரீட்சை. ஆனால் அதில் வெளிவந்தது மெய்.

2

என் மகள் நதா போன வருடம் சமூகவியல் படித்து முடித்தாள். இப்போது ஒரு கோப்பிக் கடையில் பால் நுரைக்கவைத்துக்கொண்டு நூறு இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறாள். நானும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் அவள் காதில் எந்நேரமும் ஏதோ செருகியிருக்கும். அவளுடைய தமிழ், விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற பீங்கான்போல: குறைவு, கவனமாகப் பிடிக்க வேண்டும்.

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில் இருக்கிறாள் என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகள் ஹஸ்னா. புவியியல் பட்டதாரி. பட்டம் முடித்து நாலு வருடம். அரச நியமனக் கடிதம் வரும் வரும் என்று அவளும் அவளுடைய சோட்டுக்காரிகளும் காத்திருக்கிறார்கள். இதற்கிடையில் குளிர்லொறிகளில் மீனும் காய்கறியும் ஏற்றுகிற ஒரு கொழும்புக் கம்பனி கல்முனையில் சின்ன ஒபீஸ் ஒன்று திறக்கப்போகிறது. பொத்துவில் தொடக்கம் வாழைச்சேனை வரைக்கும் எந்த லொறி எந்த நேரம் எங்கே நிற்பது என்று பிரித்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஹஸ்னாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“நான் பழக்கி விடுறேன்,” என்றாள் நதா. பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே வகுப்பு வைத்தார்களாம். கையோடு கொண்டுபோகக்கூடிய திறன்கள் என்று ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்தார்களாம். ஓரிடத்தில் பழகி, இன்னோரிடத்துக்கு எடுத்துப்போகிற திறமைகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வட்ஸ்அப் வீடியோவில் தன் மச்சியைக் கேள்வி கேட்டாள். கேள்வி ஆங்கிலம், பதில் பாதிக்குப் பாதி. எல்லாவற்றையும் நம் பேச்சிலேயே தருகிறேன்.

“பட்டம் முடிச்சு நாலு வருசம். என்ன செஞ்சீங்க?”

“சும்மாதான் இரிக்கன்,” என்றாள் ஹஸ்னா.

“அப்படிச் சொல்லக் கூடாது!”

“அப்ப பொய்யா சொல்ற?”

அந்த நேரம் அவள் பக்கத்தில் வேறொரு போன் அடித்தது. “ஒரு நிமிஷம் புள்ள, வாப்பாட போன்,” என்று எடுத்தாள்.

“வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம் காக்கா… இல்ல, ஒங்கட முறை நாளைக்கு சுபஹுத் தொழுகைக்குப் பொறகு… தெரியும் காக்கா, ஆனா கீழ்க்கண்டத்தில பயிர் கதிர் புடிக்கிற நேரம், அதுக்கு இண்டைக்குக் குடுக்காட்டிப் பதர்தான். ஒங்கடது இன்னும் ரெண்டு நாள் தாங்கும். நீங்க அனுப்பின போட்டோவ நான் பாத்த… பலகையில கைவைக்காதீங்க காக்கா. வெச்சா நான் தெய்வநாயகம் அண்ணனோட என்ன முகத்தோட கதைக்கிற? வெள்ளிக்கிழம ஒங்களுக்கு நாலு மணித்தியாலம் கூடத் தாறன். ஓம். எழுதிட்டன்.”

வைத்துவிட்டுத் திரும்பினாள். “சொரி. கேளுங்க. சும்மா இரிக்கன் எண்டுதானே சொன்ன?”

நதா காதில் செருகியிருந்ததைக் கழற்றினாள். அதைக் கழற்றி நான் பார்த்தது நெடுநாளைக்குப் பிறகு.

“வாப்பா,” என்றாள் என்னிடம், “இப்ப நடந்தது என்ன?”

3

நடந்தது இது. போனில் அவள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது ஒரு வயற்காரரை. என் மச்சான், அதாவது ஹஸ்னாவின் வாப்பா, எங்கள் கண்டத்தின் வட்டவிதானை. கண்டம் என்றால் ஒரு வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்த பரப்பு. அதில் யாருக்கு எப்போது தண்ணீர், எந்த வாய்க்காலை யார் வெட்டுவது, யாருடைய மாடு யாருடைய வேளாண்மையில் இறங்கியது என்பதையெல்லாம் தீர்க்க, வருடத்துக்கு இரண்டு தடவை, போகத்துக்குப் போகம், வயற்காரர்கள் ஓர் ஆளைத் தெரிவுசெய்வார்கள். பதினொரு வருடமாக மச்சானையே தெரிவுசெய்கிறார்கள். ஊரில் அவருக்குப் பேரே விதானையார்தான்.

அவரோடு நான் போனில் கதைத்து இரண்டு வருடம். எடுக்கும்போதெல்லாம் “சிக்னல் இல்ல மச்சான், மகள்ட்டக் குடுக்கன்” என்பார். சாய்ந்தமருதில் சிக்னல் எவ்வளவு மோசமாகிவிட்டது என்று நானும் கவலைப்பட்டிருக்கிறேன்.

வாப்பாவின் போனை ஏன் நீ எடுக்கிறாய் என்று அன்று ஹஸ்னாவிடம் கேட்டேன். “மாமா, வாப்பாக்குக் காது கேக்கிறல்ல,” என்றாள். “நாலு போகமாகிட்டு. ஒருத்தருக்கும் தெரியா. நான் சும்மா போனத் தூக்கிறன், கொப்பியில எழுதுறன். அவ்வளவுதான்.”

“தண்ணி முறை பிரிக்கிற?”

“நான்தான்.”

“நீர்ப்பாசன ஒபீஸோட கதைக்கிற?”

“நான்தான்.”

“சிங்களம் எங்க படிச்ச?”

“தண்ணி கேட்டுக் கேட்டு வந்திட்டு மாமா.”

நதா துண்டுப்பிரசுரத்தைத் தூக்கித் தூர வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

4

அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு என்னை நேர்முகம் கண்டது இன்னும் ஞாபகம். சிக்கலான சூழ்நிலை ஒன்றைச் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்றார் ஓர் அம்மா. சுனாமிக் கடற்கோள் வந்த நாளைச் சொன்னேன். நாங்கள் பள்ளிவாசலைத் திறந்தோம், நாங்கள் தூக்கினோம், நாங்கள் கணக்கெடுத்தோம். அவர் பேனாவை வைத்துவிட்டு, மிகவும் அன்பாக, “அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். நான் மறுபடியும் ‘நாங்கள்’ என்றே தொடங்கினேன். நான் என்று தொடங்கினால் பெருமையடிப்பதாகப்படும் ஊரில் வளர்ந்தவன். அந்த ‘நாங்கள்’ என்னைக் கிட்டத்தட்டத் தோற்கடித்தது. கடைசியில் ஆள் பற்றாக்குறை என்னைக் காப்பாற்றியது.

ஹஸ்னாவின் ‘சும்மா’வும் அதே குடும்பத்துப் பிள்ளைதான் என்று பட்டது. ஆர்வம் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க ஓய்வு நேரத்தில் ஊருக்குப் போன் எடுத்து, தெரிந்த பட்டதாரிப் பிள்ளைகளையெல்லாம் கேட்டேன். என்ன மகன் செய்யிற? என்ன மகள் செய்யிற?

மருதமுனையில் ஒருவன், பொருளியல் படித்தவன்: சும்மா இரிக்கன் மாமா. இன்னும் நாலு கேள்வி கேட்டால், பாலமுனைக் கடற்கரையில் எட்டுத் தோணிகளின் மீனை எந்தச் சந்தைக்கு எந்த நாள் அனுப்புவது என்று பார்ப்பது அவன். ஒருத்தி இஸ்லாமிய நாகரிகம் படித்தவள்: சும்மா இரிக்கன். வீட்டிலிருந்தே அபாயா தைப்பித்து, அளவு பிழைத்துத் திரும்பி வருகிறதைச் சண்டையில்லாமல் மாற்றிக்கொடுக்கிறாள். இன்னொருவன் அறுகம்பேயில் வெள்ளைக்காரர்களுக்கு அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கிற இடத்தில் நான்கு மொழியில் பேரம் பேசுகிறான். அவனும் சும்மாதான்.

வேலை என்றால் கடிதம். கடிதம் வராதவரைக்கும் விடியவிடிய உழைத்தாலும் அது வேலையில்லை. பெண் கேட்டு வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், பிள்ளைகளும் அதையே நம்புகிறார்கள். இவர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது இனி எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். இருப்பதை இருப்பதாகச் சொல்ல ஒரு சொல் அவர்களிடம் இல்லை. ‘சும்மா’ என்பது அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் போட்ட ஒரு கல்.

5

ஹஸ்னா நேர்முகத்துக்குப் போனாள். சும்மா இருந்தேன் என்று சொல்லவில்லை. “நான் நாலு போகம் முறைத் தண்ணி பிரிச்ச,” என்று சொல்லியிருக்கிறாள். நூற்றிப்பத்து வயற்காரர், ஒரு வாய்க்கால், பற்றாத தண்ணீர். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பற்றாத லொறியைப் பிரித்துக்கொடுக்க, பற்றாத தண்ணீரைப் பிரித்தவளை விட யார் வேண்டும்?

ஆனால் ஒரு விஷயம் கேட்டார்கள். அந்த வேலையை நீங்கள்தான் செய்தீர்கள் என்று, பொறுப்பானவரின் கடிதமொன்று இரண்டு வாரத்துக்குள் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளை எடுப்பார்கள்.

கிராம உத்தியோகத்தர் நல்ல மனிதர். வதிவிடத்துக்குத் தருவேன், நன்னடத்தைக்குத் தருவேன், தண்ணீருக்கு எப்படித் தருவது என்றார். நீர்ப்பாசன ஒபீஸில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இதில் வாப்பாவின் பெயர்தானே இருக்கிறது என்றார்கள். அவள் குரலை அவர்களுக்குத் தெரியும். பதிவேட்டுக்குக் குரல் தெரியாது.

ஆகவே அந்தக் கடிதத்தை ஓர் ஆளால்தான் எழுத முடியும். அவர் எழுதினால், நாலு போகமாகத் தான் வட்டவிதானை வேலை பார்க்கவில்லை என்று தன் கையாலேயே எழுதியதாகிவிடும்.

6

எனக்கு லீவு இருந்தது. டிக்கெட் போட்டேன். ராத்தா வீட்டு வாசலில் வான் வண்டியை விட்டு இறங்கும்போது மச்சான் கட்டித் தழுவி, “எப்பிடி மச்சான் கிளைமேட்?” என்று கேட்டார். “அங்க ஒரே மழை, மச்சான்,” என்றேன், பரிசோதிக்க. “ஓம், அல்ஹம்துலில்லாஹ், ராத்தா சமைச்சிரிக்கா,” என்றார்.

சாப்பிட்ட பிறகு, எதிரே உட்கார்ந்து, உதட்டைப் பார்க்கும்படி மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் இறுகியது.

“எனக்கென்ன கொறை? கொஞ்சம் மந்தம். அவ்வளவுதான்.”

“ஆரும் கொறை எண்டு சொல்லல்ல, மச்சான்.”

“நான் ஊரில இந்தப் பேரோட நடக்கிற. பள்ளிவாசலுக்குப் போனா விதானையார் எண்டுதான் விலகி இடம் தாறானுகள். எழுதிக் குடுத்திட்டு நாளைக்கு என்னெண்டு போற?”

ராத்தா குசினியில் சட்டி கழுவியபடி சத்தம் போட்டாள். “காது கேக்கிறல்ல எண்டு எனக்கு முப்பது வருசமாத் தெரியும். நான் கூப்பிட்டு எண்டைக்கு வந்தீங்க?”

அது மட்டும் அவருக்குக் கேட்டது. சிரிக்காமல் எழுந்து போனார்.

நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். இருபது வருடம் படிவம் நிரப்பிய மூளை அல்லவா? ‘தந்தையாருக்கு உதவியாக இருந்தார்’ என்று ஒரு வரி எழுதி ஹஸ்னாவிடம் காட்டினேன். மச்சானுக்கும் வலிக்காது, கம்பனிக்கும் போதும்.

வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“ஏலா மாமா. நான் செஞ்ச எண்டு அங்க சொல்லிட்டன். உதவி எண்டு எழுதினா நான் பொய் சொன்ன ஆள் ஆகிடுவன். இது இல்லாட்டிப் போகட்டும். வாப்பாவ ஒருத்தரும் கரைச்சல் படுத்தாதீங்க.”

கோபமில்லாத குரல். தாளை மேசையிலேயே விட்டுவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக ‘நான்’ என்று சொன்ன பிள்ளையிடம் அதைத் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டேன்.

7

நாலாவது நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வயல் வாடிக் கொட்டிலில் கண்டத்துக் கூட்டம். வெட்டு மெசின் எப்போது இறங்குவது என்பதுதான் பேச வேண்டியது. மச்சான் மோட்டார்சைக்கிளை எடுத்து, “ஏறு மச்சான்,” என்றார். நான் மேசையில் விட்ட தாள் அவருடைய சட்டைப் பையில் மடிந்திருந்தது.

வாடியில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். மண்ணிலும் உரப்பையிலும் வரம்பிலுமாக. மேல்கண்டத்து லத்தீப் காக்கா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். காரைதீவிலிருந்து வந்த தெய்வநாயகம் அண்ணன் சைக்கிளில் சாய்ந்து நின்றார். மெசின் கதை முடிந்ததும் மச்சான் எழுந்தார்.

“ஒரு விசயம் சொல்லணும்,” என்றார். தன் குரலின் அளவு தெரியாதவர் என்பதால் சத்தம் வாய்க்காலைத் தாண்டிப் போனது. “நாலு போகமா ஒங்களுக்குத் தண்ணி பிரிச்ச நான் இல்ல. என்ட மகள். எனக்குக் காது கேக்கிறல்ல. ஒளிச்சிட்டன். அவளுக்கு ஒரு வேலைக்குக் கடிதம் தேவ. நான் எழுதப்போறன். கண்டத்துச் செயலாளரும் கையெழுத்து வெக்கணும்.”

பிறகு லத்தீப் காக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “விதானையார், இது எங்களுக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா ஆர்ட குரல நாங்க கேக்கிற? நீங்க தலைய ஆட்டினா நாங்க வீட்ட போய் மகளுக்குக் கோல் எடுப்பம், என்ன முடிவு எண்டு கேக்க,” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் கடினமானது அது. அவர் காதோடு வாயை வைத்து, நாற்பது பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்: “இவங்களுக்கு எல்லாம் முந்தியே தெரியுமாம், மச்சான்!”

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கையிலிருந்த கொப்பியை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

“அப்ப ஏன் என்னையே தெரிஞ்செடுத்தீங்க?”

தெய்வநாயகம் அண்ணன்தான் பதில் சொன்னார். என் பக்கம் திரும்பி, “சொல்லுங்க தம்பி அவருக்கு. தண்ணி கணக்கா வந்திச்சு, அதால தெரிஞ்செடுத்தம்.”

அதையும் கத்தினேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் கேட்டார், “புள்ள வேலைக்குப் போனா அடுத்த மாரிப் போகத்துக்கு ஆர் பாக்கிற?” நியாயமான கேள்வி. அந்த இடத்திலேயே நாலு பெயர் வந்தது. அதில் மச்சானின் பெயர் இல்லை. அதை நான் கத்தவில்லை. அவர் அதைக் கேட்காமலே விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

8

கடிதத்தை மச்சானே எழுதினார். நாலே வரி.

‘இக்கண்டத்தில் நான்கு போகமாக முறைத் தண்ணீர் பிரித்தவர் எனது மகள். கொப்பியில் உள்ள எழுத்தெல்லாம் அவருடையது. நான் கையொப்பம் மட்டும் வைத்தேன். எனக்குக் காது கேட்காது.’

படமெடுத்து நதாவுக்கு அனுப்பினோம், ஆங்கிலத்தில் தர. வாசிக்கத் திணறி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். போகம் என்றால் என்ன? முறை என்றால்? நானும் ஹஸ்னாவும் மாறி மாறிச் சொன்னோம். கடைசி வரியில் நின்றாள்.

“இதை விட்டுரலாமா? இப்படிக் கடிதத்தில பலவீனம் போடக் கூடாது.”

“போடு புள்ள,” என்றாள் ஹஸ்னா. “அது வாப்பாட கடிதம். அவர் எழுதினதெல்லாம் இரிக்கணும்.”

நதா போட்டாள். பிறகு என்னைக் கேட்டாள்: “வாப்பா, நீங்க ஊரிலிருந்து என்ன திறன் கொண்டு வந்தீங்க?” அவள் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள். இரண்டு நாள் யோசித்தேன். லிஃப்டுக்குள் பயந்துபோய்ப் படுத்திருக்கிற கிழவரிடம் நான் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான். அவர் ஊரைச் சொல்வதற்குள் மூன்று மாடி போய்விடும். இதை நான் பேராதனையில் படித்தேனா, கல்முனை பஸ் ஸ்டாண்டில் படித்தேனா? தெரியாது. அதையே அவளுக்குச் சொன்னேன். “எழுதி வைங்க,” என்றாள்.

நான் திரும்புவதற்கு முந்தின நாள் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. மூன்று மாதம் செய்து பார்க்கட்டும், பிறகு நிரந்தரமாக்குவதைப் பற்றிப் பேசலாம். ராத்தா அழுதாள். மச்சானுக்கு ஹஸ்னாவே எழுதிக் காட்டினாள். வாசித்து, கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வயலுக்குப் போய்விட்டார்.

9

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து வான் வண்டியில் ஏறினேன். சாமான்களை ஏற்றிக் கதவைச் சாத்திய பிறகு, மச்சான் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். வாகனம் உறுமிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் குரல் அதைத் தாண்டி வந்தது.

“மச்சான், அந்தக் கடிதத்தில ஒண்டு எழுதாம விட்டுட்டன். கூட்டம் முடிய லத்தீப் காக்கா என்ட கையப் புடிச்சி, கத்திச் சொன்னார், தண்ணி கிடைக்காத கோபத்தில மகளக் கண்டபடி ஏசிட்டன், மன்னிச்சிப் பொருந்திக்கொள்ளச் சொல்லுங்க எண்டு. அவர் மட்டுமில்ல, அஞ்சாறு பேர் வந்து சொன்னானுகள். நாலு போகமா எனக்கு விழ வேண்டிய ஏச்செல்லாம் அவள்ட காதுல விழுந்திரிக்கி. நான் பக்கத்தில இருந்து ஒவ்வொரு முறையும் கேக்கிற, என்ன மகள் சொல்றானுகள் எண்டு. அவள் சிரிச்சிட்டு என்ட கொப்பிய வாங்கி எழுதிக் காட்டுவாள், ஒங்களுக்கு ஸலாம் சொல்றாங்க வாப்பா எண்டு.”